வீட்டுக்குள் விழுந்த வெளிச்சம்

ஒல்லாந்த ஓவியர் கண்ட இல்வாழ்க்கை

ஓவியத்தில் இடம்பெறுதற்குத் தகுதியுடைய பொருள் யாது? இவ்வினாவை நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் எவரேனும் எழுப்பியிருப்பின், விடை கூறுவோர் சிறிதும் தயங்கியிரார். தெய்வமும் புனிதரும், அரசரும் படைத்தலைவரும், பழங்கதைகளின் நாயகரும் நாயகியருமே அத்தகுதி பெற்றோர் என்று கூறியிருப்பர். அடுக்களையும் கொல்லைப்புறமும் ஓவியனின் கண்ணுக்கு உரியனவல்ல என்பது அக்காலத்து அறிஞர் பலரின் துணிபு.

ஆயினும், 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து தேசத்துச் சில நகரங்களில் வாழ்ந்த ஓவியர்கள் இவ்வினாவுக்கு வேறொரு விடையைத் தம் தூரிகையாற் கூறினர். பால் வார்க்கும் பணிப்பெண், பிள்ளைக்குப் பேன் பார்க்கும் தாய், துணியை மடித்து அலுமாரியில் அடுக்கும் இல்லத்தரசி, யன்னலோரத்தில் நின்று கடிதம் படிக்கும் இளம்பெண் ஆகியோரே அவர்கள் தேர்ந்த நாயகியர். அவர்களைச் சுற்றி மகுடமுமில்லை, தேவதூதருமில்லை. யன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் ஒன்றே அவர்களுக்கு வாய்த்த அணிகலன்.

அந்த ஓவியங்கள் இன்றும் மக்களைக் கவர்கின்றன. 2023 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் நூதனசாலையில், யொகானெஸ் வெர்மீர் என்னும் ஓவியரின் 28 படங்கள் ஒருங்கே காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ஏறத்தாழ ஆறரை இலட்சம் மக்கள் சென்று கண்டனர். அவற்றுட் பெரும்பாலானவை ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பெண் என்ற அளவில் அமைந்தவையே. இத்துணை எளிய காட்சிகளில் மக்கள் தேடுவது யாது? இல்லத்தின் அமைதி என்று பலர் கூறுவர். அவ்வமைதி எங்கிருந்து வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தனர் என்பதையே நாம் இங்கு சிறிது ஆராயப் புகுகின்றோம்.

வாங்கியவர் யாவர்?

ஓவியம் மாறுவதற்கு முன்னர் அதனை வாங்குவோர் மாறினர். ஸ்பானிய அரசனின் ஆட்சியிலிருந்த அந்நாட்டில், 1566 ஆம் ஆண்டில் சீர்திருத்தக் கிறிஸ்தவர் தேவாலயங்களுட் புகுந்து சிலைகளையும் படங்களையும் தகர்த்தெறிந்தனர். பின்னர் நிலைபெற்ற சீர்திருத்தத் திருச்சபை, தன் வழிபாட்டிடங்களின் சுவர்களை வெள்ளையடித்து வெறுமையாகவே விட்டது. பீடங்களுக்குப் பெரிய படங்கள் வேண்டுமென்று கேட்போர் அருகினர். அரசவையும் பிற தேசங்களிற் போலப் பெரிதன்று. ஆகவே, நாட்டின் ஓவியர்கள் நகரத்து மக்களின் வீடுகளை நோக்கித் திரும்பலாயினர்.

அவ்வீடுகளில் வாங்குவோர் இருந்தனர். கப்பல் வாணிகமும் துணி நெசவும் மீன்பிடியும் நாட்டிற் செல்வத்தைப் பெருக்கியிருந்தன. 1640 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்ற பீற்றர் மண்டி என்னும் ஆங்கிலப் பயணி, அந்நாட்டில் இறைச்சி விற்போரும் பாண் சுடுவோரும் தம் கடைகளில் ஓவியங்களை வைத்திருந்தனர் என்றும், கொல்லரும் சப்பாத்துத் தைப்போருங் கூடத் தம் தொழிலிடத்தில் ஒரு படமேனும் தொங்கவிட்டிருந்தனர் என்றும் வியந்து குறித்துள்ளார். இத்தகைய இடங்களுக்குப் பெரிய படம் பொருந்தாது. சிறிய படம் வேண்டும். அதில் வாங்குவோன் அறிந்த உலகம் தோன்ற வேண்டும். தன் வீட்டுச் சுவரில் வீட்டையே தொங்கவிட்டுப் பார்த்து மகிழும் வழக்கம் இவ்வாறு தோன்றியது.

இல்லறத்தைப் போற்றும் நூல்களும் அக்காலத்தில் மிகுதியாக வெளிவந்தன. யாக்கொப் காட்ஸ் என்னும் புலவர் 1625 இல் திருமணத்தைப் பற்றி வெளியிட்ட நூல், கன்னி, காதலி, மணமகள், இல்லத்தரசி, தாய், கைம்பெண் எனப் பெண்ணின் வாழ்வை ஆறு பருவங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்குமுரிய கடமைகளைக் கூறியது. அந்நூல் பல வீடுகளிற் புகுந்தது. ஓவியர்கள் தீட்டிய இல்லங்களிலும் இவ்வறிவுரையின் சாயல் உண்டு. எனினும் சிறந்த ஓவியங்கள் அறிவுரையோடு நின்றுவிடவில்லை.

யன்னலின் வேலை

அந்நாட்டு நகரங்களிலே மனைகள் ஒடுங்கியவை. வீடுகள் அகலத்திற் குறுகி, உள்ளே நீண்டு, மேலே உயர்ந்து நின்றன. பக்கத்து வீட்டின் சுவரோடு சுவர் ஒட்டியிருந்தமையின் பக்கங்களில் யன்னல் வைத்தல் பெரும்பாலும் இயலாது. முன்புறத்தாலும் பின்புறத்தாலுமே வெளிச்சம் வர வேண்டும். ஆதலால் உயர்ந்து அகன்ற யன்னல்களை அமைத்தனர். சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டிகளால் இணைத்து அவற்றிற் பொருத்தினர். கீழ்ப்பாதிக்கு மரக்கதவும் இட்டனர். கீழ்க்கதவைச் சாத்தினால் வெளிச்சம் மேலிருந்து சரிந்து இறங்கும்; அதனைத் திறந்தால் நிலம் வரை பரவும். வீட்டிலுள்ளோர் கதவுகளைத் திறந்தும் சாத்தியும் வெளிச்சத்தைத் தம் வேலைக்கேற்ப ஆண்டனர். ஓவியரும் அவ்வாறே ஆண்டனர்.

இப்படங்களிற் பெரும்பாலும் யன்னல் இடப்புறத்தில் இருப்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். வலக்கையால் தீட்டுவோனுக்கு வெளிச்சம் இடப்புறத்திலிருந்து வருதல் நன்று. கையின் நிழல் தீட்டுமிடத்தில் விழாது. தையல் வேலை செய்வோரும் எழுதுவோரும் இவ்வுண்மையை நன்கறிவர்.

வெளிச்சத்தை ஒரு வழிப்போக்கனைப் போல வீடு முழுவதும் நடத்திச் சென்றவர் பீற்றர் டி ஹோக். இவர் 1629 இல் ரொட்டர்டாம் நகரிற் பிறந்தவர். தந்தை செங்கல் அடுக்கும் கொத்தர், தாய் மருத்துவிச்சி. இளமையில் டெல்ப்ட் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே தம் சிறந்த படங்களைத் தீட்டினார். சுவரும் நிலமும் செங்கல்லும் இவர் படங்களில் இத்துணைத் திருத்தமாக அமைந்திருத்தற்குத் தந்தையின் தொழிலை இளமையிற் கண்ட பழக்கமும் ஒரு காரணமாகலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

டி ஹோக்கின் வீட்டில் ஒரு கதவு திறந்திருக்கும். அதன் வழியே அடுத்த அறை தெரியும். அவ்வறையின் கதவும் திறந்திருக்கும். அதற்கப்பால் முற்றமோ தெருவோ வாய்க்காலோ வெயிலிற் பளிச்சிடும். நாம் நிற்கும் அறை மங்கலாயிருக்க, அப்பால் உள்ள அறை ஒளி பெற்றுத் தோன்றும். இவ்வாறு வாயிலூடு வாயிலாக உள்நோக்கிச் செல்லும் காட்சியை ஒல்லாந்தர் 'டோர்கைக்யே' என்னும் தனிப்பெயரால் வழங்குவர். ஊடுருவிப் பார்த்தல் என்பது அதன் கருத்து.

இத்தகைய காட்சியைப் பிழையின்றி வரைதற்கு ஓர் உத்தியும் இருந்தது. பார்வைக் கோடுகள் யாவும் சென்று கூடும் இடத்தில் ஓர் ஊசியைக் குத்துவர். அதிற் சுண்ணம் தடவிய நூலொன்றைக் கட்டி, இழுத்துப் பிடித்துத் தெறிப்பர். தச்சர் மரத்தில் நூலடிப்பது போன்ற செயலே இது. நூல் பட்ட இடத்தில் நேர்கோடு பதியும். நிலத்தின் கற்களும் யன்னலின் விளிம்புகளும் அக்கோடுகளைப் பின்பற்றும். வெர்மீரின் படங்கள் பலவற்றில் அவ்வூசியின் துளையை இக்கால ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். அமைதி தவழும் படங்களின் அடியில் இத்தகைய கணிதமும் கைவேலையும் மறைந்து கிடக்கின்றன.

தாயின் கடமை

டி ஹோக் ஏறத்தாழ 1658 க்கும் 1660 க்கும் இடையில் தீட்டிய படமொன்று 'தாயின் கடமை' எனப் பெயர் பெற்றது. அது ரைக்ஸ் நூதனசாலையில் உள்ளது. சுவரோடு சேர்த்து அமைத்த கட்டிலின் முன்னே ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். அவள் மடியில் முகம் புதைத்து ஒரு பிள்ளை மண்டியிட்டிருக்கிறது. தாய் அதன் தலைமயிரைப் பிரித்துப் பேன் பார்க்கிறாள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

ஆனால் அறையின் இடப்புறத்தே கதவு திறந்திருக்கிறது. அப்பாலுள்ள அறையின் நிலத்தில் வெயில் ஒரு பாய் விரித்தாற்போல விழுந்துள்ளது. சிறு நாய் ஒன்று நமக்கு முதுகு காட்டி அவ்வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் சுவரில் தொங்கும் செப்புப் பாத்திரம் மின்னுகிறது. குளிர்காலத்திற் படுக்கையைச் சூடாக்க அதிற் கனலிட்டுப் பயன்படுத்துவர். அருகே குழந்தைகள் மலங்கழித்தற்கென அமைத்த மரநாற்காலியும் இருக்கிறது. ஓவியர் இவற்றுள் எதனையும் மறைக்கவில்லை.

பேன் பார்க்கும் தாயைக் கண்டு நகைப்போர் சிலர் இருக்கலாம். ஆயினும், நாட்டின் எப்பகுதியிலும் எக்குலத்திலும் பிள்ளை வளர்த்த தாய்மார் இப்படத்தைக் கண்டவுடனே அறிந்துகொள்வர். பிள்ளை அசையாதிருக்க வேண்டும். தாய் பொறுமையாயிருக்க வேண்டும். நல்ல வெளிச்சம் வேண்டும். மூன்றும் ஒருங்கே வாய்க்கும் அரிய அரைமணி நேரத்தையே டி ஹோக் பிடித்து வைத்திருக்கிறார். அன்பு என்னும் சொல்லை அவர் எங்கும் எழுதவில்லை. தாயின் விரல்களே அதனைக் கூறுகின்றன.

பால் வார்க்கும் பெண்

இனி வெர்மீரைக் காண்போம். 1632 இல் டெல்ப்ட் நகரிற் பிறந்த இவர், தம் வாழ்நாள் முழுவதும் அந்நகரிலேயே தொழில் செய்தார். இன்று எஞ்சியுள்ள இவருடைய படங்கள் நாற்பதுக்கும் குறைவு. அவற்றுட் பெரும்புகழ் பெற்றது 'பால் வார்க்கும் பெண்'. அதன் உயரம் 45.5 சென்றிமீற்றர், அகலம் 41 சென்றிமீற்றர். விரித்த செய்தித்தாளின் ஒரு பக்கத்தினும் சிறிது.

யன்னலருகே ஒரு மேசை. மேசைமேல் கூடையிலும் வெளியிலும் பாண். வலிய தோள்களும் சுருட்டிவிட்ட கைகளும் உடைய பணிப்பெண் ஒருத்தி, மட்குடத்திலிருந்து பாத்திரத்திற் பால் வார்க்கிறாள். அவள் கண் பாலின் தாரையிலேயே நிற்கிறது. யன்னற் கண்ணாடியில் ஒரு துண்டு உடைந்திருக்கிறது. வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி. அதன் சிறு நிழல். பழைய ஆணிகள் இருந்த துளைகள். நிலத்தில், கால்களுக்குச் சூடேற்ற உள்ளே கனல் வைக்கும் மரப்பெட்டி. பாணின் மேலோட்டில் வெளிச்சம் சிறு சிறு புள்ளிகளாகத் தெறித்து நிற்கிறது.

அவளுடைய மேற்சட்டை மஞ்சள். முன்றானைத் துணி நீலம். இந்நீலமே நம் சிந்தனைக்குரியது. அது ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்த லாப்பிஸ் லசூலி என்னும் கல்லை அரைத்துப் பெற்றது. மிக்க விலையுடையது. முற்காலத்து ஐரோப்பிய ஓவியர் அதனைத் தேவமாதாவின் மேலாடைக்கென்று பேணி வைத்தனர். வெர்மீரோ அதனை அடுக்களைப் பணிப்பெண்ணின் முன்றானைக்கு வாரி வழங்கினார். ஒரு நூல் எழுதி விளக்க வேண்டிய கருத்தை ஒரு வர்ணத்தாற் கூறிவிட்டார் எனலாம்.

அவளுக்குப் பின்னேயுள்ள வெறுஞ்சுவர் தானாக வந்ததன்று. 2022 இல் ரைக்ஸ் நூதனசாலையினர் நவீன கருவிகளால் இப்படத்தை ஆராய்ந்து, அதன் அடியில் மறைந்திருந்தவற்றை வெளியிட்டனர். அவள் தலைக்குப் பின்னே குடங்கள் தொங்கும் பலகையொன்றை வெர்மீர் முதலில் வரையத் தொடங்கியிருந்தார். நிலத்தில், துணி உலர்த்தப் பயன்படும் கனற்கூடை ஒன்றும் இருந்தது. இரண்டையும் அவரே பின்னர் மூடிவிட்டார். பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கியே அவர் அந்த அமைதியை அடைந்தார்.

இதற்கு மாறான கதையும் உண்டு. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரிலுள்ள வெர்மீரின் படமொன்றில், திறந்த யன்னலின் அருகே ஒரு பெண் கடிதம் படிக்கிறாள். அவள் பின்னேயும் வெறுஞ்சுவரே நெடுங்காலம் காணப்பட்டது. ஆனால் அவ்வெறுமையை உண்டாக்கியது வேறொருவரின் கை என்று ஆராய்ச்சியிற் புலப்பட்டது. மேற்பூச்சை நீக்கிப் படத்தை 2021 இல் மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, சுவரில் மன்மதனின் பெரிய படமொன்று தோன்றியது. அவள் படிப்பது காதற் கடிதம் என்பதை வெர்மீர் மறைக்கவில்லை; பின்வந்தவரே மறைத்தனர்.

அமைதியில்லாத வீடுகள்

எல்லா ஓவியரும் அமைதியையே நாடினர் என்று எண்ணுதல் பொருந்தாது. றெம்பிராண்டின் மாணவராகிய நிக்கொலாஸ் மாஸ் 1655 இல் தீட்டிய 'சோம்பற் பணிப்பெண்' இலண்டன் தேசிய ஓவியசாலையில் உள்ளது. கழுவாத பாத்திரங்கள் நிலத்திற் சிதறிக் கிடக்கின்றன. பணிப்பெண் கன்னத்திற் கைவைத்து உறங்குகிறாள். பின்னே பூனை, சமைக்க வைத்த கோழியைக் கவ்விச் செல்லப் பார்க்கிறது. வீட்டுத் தலைவி நம்மை நோக்கி முறுவலித்து, 'பார்த்தீர்களா' என்பது போலக் கை காட்டுகிறாள். படத்தின் நோக்கம் சோம்பலைக் கடிதலேயாம். ஆயினும் இன்று பார்ப்போர்க்கு வேறோர் எண்ணமும் எழும். அத்தனை பாத்திரங்களையும் கழுவ வேண்டியவள் ஒருத்தி. அவள் விடியற்காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாளோ?

யான் ஸ்டேன் என்பவர் லெய்டன் நகரத்தவர். இவர் வரைந்த வீடுகளிற் பிள்ளைகள் கூச்சலிடுவர், பெரியோர் குடித்துக் களிப்பர், பொருள்கள் நிலத்திற் புரளும். இன்றும் ஒழுங்கற்ற வீட்டை 'யான் ஸ்டேன் வீடு' என்று கூறுதல் ஒல்லாந்தர் வழக்கு. அவருடைய 'புனித நிக்கலஸ் திருநாள்' என்னும் படத்தில், ஒரு சிறுமி கையில் பொம்மையும் வாளி நிறைய இனிப்புமாக நிற்கிறாள். அவள் தமையனின் சப்பாத்திலோ பரிசுக்குப் பதில் பிரம்பு கிடைத்திருக்கிறது. அவன் அழுகிறான், தம்பி அவனைச் சுட்டிச் சிரிக்கிறான். ஆனால் பின்னே, திரைச்சீலையோரத்தில், பாட்டி விரலசைத்து அவனை அழைக்கிறாள். அவனுக்கும் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள் போலும். பாட்டிமார் எங்கும் பாட்டிமாரே.

படத்துக்கு வெளியே

இனி, சட்டத்துக்குட் காண்பதை விடுத்து, அக்காலத்து டெல்ப்ட் நகரில் நிகழ்ந்தவற்றையும் சிறிது நோக்குவோம்.

1648 இல் ஸ்பெயினுடன் உடன்படிக்கை ஏற்பட்டு, எண்பது ஆண்டுப் போர் முடிந்தது. அமைதி வந்தது என்று மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் 1654 ஒக்டோபர் 12 ஆந் தேதி, டெல்ப்ட் நகரிற் சேமித்து வைத்திருந்த வெடிமருந்து தீப்பற்றி வெடித்தது. நகரின் ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சங்கிலியிற் பிணித்த சிறு குருவியை அவ்வாண்டிலேயே தீட்டியிருந்த பெரும் ஓவியர் கரெல் பப்ரீட்சியஸ் அவர்களுள் ஒருவர்; அவருக்கு வயது 32. டி ஹோக்கும் வெர்மீரும் கட்டி எழுப்பிய அமைதியான அறைகள், இவ்வெடியின் பின்னர், இடிபாடுகள் நிறைந்த நகரிலேயே தோன்றின.

1658 இல் டி ஹோக் தீட்டிய 'டெல்ப்ட் வீட்டு முற்றம்' இலண்டனில் உள்ளது. பணிப்பெண் ஒருத்தி சிறுமியின் கையைப் பற்றிப் படியிறங்குகிறாள். ஒரு பெண் வளைவு வாயிலினூடு தெருவைப் பார்த்து நிற்கிறாள். வாளியும் விளக்குமாறும் நிலத்திற் கிடக்கின்றன. வாயிலின்மேற் பதித்த கல்வெட்டு, பொறுமையையும் பணிவையும் பற்றிப் பேசுவது. இதே 1658 ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பீரங்கிகளோடு வந்து, போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அக்கம்பெனியின் ஆறு கிளைகளுள் ஒன்று டெல்ப்ட் நகரில் இருந்தது. நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்றும், வேலணைக்கு லெய்டன் என்றும், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும் அவர்கள் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். கந்தோர், லாச்சி முதலிய அவர்தம் சொற்கள் நம் நாவில் இன்றும் வழங்குகின்றன. அந்த ஓவியங்களில் மேசைமேல் விரித்த கீழைநாட்டுக் கம்பளமும், சீனத்துப் பீங்கான் கோப்பையும், அவற்றை வாங்கிய பணமும் கடல் கடந்த வாணிகத்தால் வந்தவை. அவ்வாணிகத்தில் இந்நாட்டுக் கறுவாவுக்கும் பங்குண்டு. முற்றத்தில் நிலவிய அமைதி வேறு கரைகளிற் போரின்றிப் பெறப்பட்டதன்று.

வெர்மீரின் வீட்டுக்குள்ளும் அமைதி எப்போதும் நிலவவில்லை. அவர் மனைவி கத்தரீனா. மாமியார் மரியா தின்ஸின் வீட்டிலேயே குடும்பம் வாழ்ந்தது. கத்தரீனாவின் சகோதரன் வில்லெம் என்பவன் கொடிய சினத்தவன். அவன் கருவுற்றிருந்த தன் சகோதரியைத் தடியால் தாக்க முற்பட்டதையும், தாம் இடைபுகுந்து தடுத்ததையும், அவ்வீட்டுப் பணிப்பெண் தன்னெக்கே எவர்புல் 1666 ஆம் ஆண்டில் அளித்த சாட்சியத்திற் கூறினாள். பால் வார்க்கும் பெண் இவள்தான் என்று சிலர் ஊகிப்பர், அதற்குச் சான்றில்லை. எனினும், ஓவியத்திற் பெயரின்றி நிற்கும் பணிப்பெண்களுள் இவளொருத்தியின் பெயரேனும் ஏட்டிற் பதிந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வீட்டின் அமைதியைக் காக்கத் தன்னுடலைக் குறுக்கே நிறுத்தியவள் அவள்.

கத்தரீனா பதினைந்து பிள்ளைகளைப் பெற்றாள். அவருட் பதினொருவர் எஞ்சினர். இருந்தும், வெர்மீர் தீட்டிய அறைகளில் ஒரு சிறு குழந்தையையேனும் காண முடியாது. தொட்டிலில்லை, அழுகையில்லை, உலரப் போட்ட துணியில்லை. கனற்கூடையை அவர் மூடிவிட்டதை முன்னர்க் கண்டோமல்லவா? அவர் தீட்டியது தாம் வாழ்ந்த வீட்டையன்று; அவ்வீட்டில் அரிதாகக் கிடைத்த கணத்தையே என்று கொள்ளுதல் தகும்.

1672 இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தினுட் புகுந்தது. ஓவிய வாணிகம் நிலைகுலைந்தது. வெர்மீரால் தம் படங்களையும் விற்க முடியவில்லை, வாணிகத்துக்காக வாங்கி வைத்திருந்த பிறர் படங்களையும் விற்க முடியவில்லை. 1675 டிசெம்பரில், 43 வயதில் அவர் இறந்தார். போரும் பிள்ளைகளின் பாரமும் அவரை நொறுக்கின என்றும், நலமாயிருந்தவர் ஒன்றரை நாளில் உயிர் நீத்தார் என்றும் மனைவி தம் விண்ணப்பமொன்றிற் கூறியுள்ளார். அடுத்த மாதமே அவ்வம்மையார், பாண்கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 617 கில்டர் கடனுக்காகக் கணவரின் படங்கள் இரண்டை ஒப்படைத்தார். மேசைமேல் பாணை அத்துணை அழகாகத் தீட்டிய கையின் குடும்பம், உண்ட பாணுக்கு ஓவியத்தையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

தீட்டிய பெண்ணொருத்தி

இவ்வோவியங்களில் தோன்றுவோர் பெரும்பாலும் பெண்கள். தீட்டியோர் பெரும்பாலும் ஆண்கள். அவ்விதிக்கு விலக்காயிருந்த ஒருத்தியை மறத்தல் ஆகாது. ஹார்லெம் நகரத்து யூடித் லேஸ்டர் 1633 இல் அந்நகரத்து ஓவியர் சங்கத்தில் அங்கத்தவராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1631 இல் அவர் தீட்டிய சிறு படமொன்றில், இரவிலே எண்ணெய் விளக்கின் முன் ஒரு பெண் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஆடவன் ஒருவன் அவள் தோளைத் தொட்டு, கைநிறைய நாணயங்களைக் காட்டுகிறான். அவள் நிமிரவில்லை. விளக்கின் வெளிச்சம் முழுவதும் அவள் முகத்திலும் தையலிலும் விழுகிறது. அவள் மனவுறுதியை அவ்வெளிச்சமே காட்டுகிறது.

லேஸ்டர் 1636 இல் ஓர் ஓவியரை மணந்தார். அதன் பின்னர் அவர் தீட்டியனவாக நாமறிந்த படங்கள் மிகச் சிலவே. அவர் இறந்த பின்னர் அவர் படங்கள் பிரான்ஸ் ஹல்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியரின் பெயராலும் பிறர் பெயராலும் விற்கப்பட்டன. 1893 இலேயே, ஓர் அறிஞர் அவருடைய கையொப்ப அடையாளமாகிய விண்மீனை ஒரு படத்திற் கண்டு உண்மையை வெளிப்படுத்தினார். லேஸ்டர் என்னும் பெயருக்கு வழிகாட்டும் விண்மீன் என்பது பொருள். அவ்விண்மீன் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறைந்தே கிடந்தது. இல்லறத்தைப் போற்றிய காலம், இல்லறத்துள் அடங்கிய பெண்ணின் கலையைப் போற்றத் தவறியது.

பார்க்கும் முறை

மாணவர்கள் இவ்வோவியங்களை நூல்களிலோ அச்சுப் பிரதிகளிலோ காண நேர்ந்தால், மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? அது எதன்மேல் விழுகிறது? எதனை இருளில் விட்டுச் செல்கிறது? முதல் வினா ஓவியனின் திறமையை உணர்த்தும். இரண்டாவது அவன் எதனை மதித்தான் என்பதைக் கூறும். மூன்றாவது வினாவுக்கு விடை காண, அக்காலத்து வரலாற்றையும் சிறிது கற்க வேண்டியிருக்கும்.

இவ்வாறு பார்க்குமிடத்து, இவ்வோவியங்கள் நமக்குக் கற்பிப்பது ஒன்று உண்டு. வீட்டின் அமைதி சுவரோடு கட்டப்பட்டதன்று. யன்னல் வழியே தானாக வருவதுமன்று. கூட்டித் துடைத்து, வார்த்து, மடித்து, தலை வாரி, சண்டையை விலக்கி, நாள்தோறும் யாரோ ஒருவர் அதனைப் புதிதாகச் செய்தாக வேண்டும். செய்து முடித்த கணத்திலேயே அது கலையத் தொடங்கும். செய்தவரின் பெயரும் எங்கும் எழுதப்படுவதில்லை. ஒல்லாந்த ஓவியர் அவ்வேலையைக் கண்டனர். அதற்குரிய மதிப்பை அளித்தனர். விலையுயர்ந்த நீலத்தையும் அதற்கென்றே செலவிட்டனர். 1696 இல் 'பால் வார்க்கும் பெண்' ஏலத்தில் 175 கில்டருக்கு விலைபோயிற்று. படத்துக்கு விலை கிடைத்தது. பால் வார்த்தவள் எவ்வளவு கூலி பெற்றாள் என்பதை எந்த ஏடும் கூறவில்லை. நம் வீடுகளிலும் காலையில் அடுக்களை யன்னலைத் திறப்பவர் ஒருவர் உளர். இன்று அவரை ஒருமுறை நின்று பார்ப்போமாக.